சிங்கத்து வாய்த் தண்ணிக்குக் காவல்

கள்ளன் தூக்கிக்கொண்டு போக முடியாத சாமானுக்குக் காவலிருப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான சோலி. ‘தொடாதே’ போர்டுக்குப் பக்கத்தில் நின்று சம்பளம் வாங்கிய சகோதரர்களே, நீங்களாவது நம்புவீர்கள். எழுபதுகளில் கொடைக்கானல் முச்சந்தி நீரூற்றுக்கு நான் வாட்ச்மேன். அந்தக் காலத்தில் ஒரு துரை கட்டியது. கல் சிங்கம் வாயைத் திறந்து நிற்கும், அது வழியாகத் தொட்டியில் தண்ணீர் கொட்டும். டூரிஸ்ட் பஸ் திரும்ப இடைஞ்சல், இடித்துவிடலாம் என்று பேச்சு. இடிக்கக் கூடாதென்ற பழைய உத்தரவு ஒன்றுதான் குறுக்கே கிடந்தது. எங்கள் ஆபீசர் சொன்னார்: “ஏதாவது வம்பு வந்துச்சு, எடுத்துருவேன். ஊத்து போனா உம்ம சோலியும் போச்சு.”

போர்டு வந்த கதை

‘பாதுகாக்கப்பட்ட நீரூற்று’ என்று ஆபீசரே போர்டு வைத்தார். மறுநாள் வெள்ளனே போனால் சிங்கத்துக்கு முன்னால் குடங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. முதல் குடம் எதிர்த்த இட்லிக்கடை அந்தோணியம்மாவுடையது.

“இதுல பிடிக்கக் கூடாதும்மா.”

“ஏன்? தெருக்குழாய்ல ‘பாதுகாக்கப்பட்ட குடிநீர்’னு எழுதியிருக்கு, பிடிக்கோம். இங்கயும் அதான எழுதியிருக்கு?”

அது வேற பாதுகாப்பு, இது வேற பாதுகாப்பு என்று நான் விளக்க விளக்க, குடம் நிறைகிற வரைக்கும் தலையாட்டிக் கேட்டாள். பிறகு இடுப்பில் ஏற்றிக்கொண்டு சொன்னாள்: “நீங்க வெளிய நின்னு பாதுகாங்கண்ணே, நாங்க வயித்துக்குள்ள வச்சுப் பாதுகாக்கோம்.”

கல்வெட்டு

சவாரிக் குதிரைக்கார மாயாண்டிக்கும் எனக்கும் தினமும் தகராறு. குதிரை தொட்டியில் வாய் வைக்கும், நான் கம்பை ஓங்குவேன். “துரை கட்டுனதே குதிரைக்குத்தான், கல்லுல எழுதிருக்கு” என்பான். இங்கிலீசு எழுத்து. அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குதிரைக்குத் தெரிந்தாலும் அது சொல்லாது.

அந்தப் பக்கம் வந்த டீச்சரம்மாவை நிறுத்திப் படிக்கச் சொன்னேன். ‘மனிதருக்கும் மிருகத்துக்கும்’ என்று இருக்கிறதாம். மாயாண்டி என்னைப் பார்த்தான்: “கேட்டீங்களா? மிருகத்துக்குனு இருக்கு, மனுசனுக்குனு இருக்கு. வாட்ச்மேனுக்குனு இல்ல.”

மொட்டைத் தலைகள்

பக்தர்கள் பழநியில் முடி இறக்கி, சந்தனம் பூசி, அப்படியே கொடைக்கானலுக்கு மலையேறி வருவார்கள். ஒருவர் சிங்கத்துக்கு நேராகத் தலையை நீட்டினார்.

“என்ன தீர்த்தம்ங்க இது?”

“தீர்த்தம் இல்லைங்க. துரை கட்டுனது.”

“துரைசாமியா!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு மொட்டையை உள்ளே விட்டார். மார்கழிக் குளிர். பல் தந்தியடிக்க, உடம்பு கிடுகிடுவென்று ஆடியது. நான் துண்டைத் தேடி ஓடினேன். அவர் சம்சாரம் கையெடுத்துக் கும்பிட்டது: “அய்யோ, துரைசாமி எறங்கிட்டாரு!”

டேப்பு

எண்பதுகளில் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஆபீசர் அளவு டேப்போடு வந்து இறங்கினார். அன்றைக்கென்று தொட்டியில் குதிரை, சிங்கத்தடியில் மொட்டை, சுற்றிலும் குடம். “இதுக்குப் பேரு பாதுகாப்பாய்யா?” என்றவர், இடிக்க அளக்கணும் என்று டேப்பின் ஒரு முனையை என் கையிலேயே கொடுத்தார். என் சோலிக்கு நானே குழி அளந்தேன்.

டேப்பின் மேல் ணங்கென்று ஒரு குடம் உட்கார்ந்தது. அந்தோணியம்மா. ஆபீசர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு போனது அவள் சொன்ன இந்தச் சொல்லுக்குத்தான்: “சார், சிங்கத்து மேல கை வச்சா, காலிக் குடத்தோட நடுரோட்டுல உக்காந்துருவோம். அப்புறம் பஸ்ஸு திரும்பவும் வேணாம், நேராப் போகவும் வேணாம்.”

ரிட்டயர் ஆகிற வரைக்கும் அந்தச் சிங்கத்தின் வாயை நான் பாதுகாத்தேன், என்னை அந்தோணியம்மாவின் வாய் பாதுகாத்தது.