எட்டு மணிக்கு வருகிறவர்

எங்கள் பொம்மை ஷெட்டில் அவரை யாரும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. 'அவரு' என்றுதான். புருஷனுக்கும் சீரியல் நாயகனுக்கும் ஒரே வார்த்தை. குரலில் குழைவு எங்கே கூடுகிறதோ அங்கே சீரியல்காரர் என்று புரிந்துகொள்ள வேண்டியதுதான். ஏழெட்டு வருஷமாக எட்டு மணிக்கு வந்துகொண்டிருந்தவர் இனி நடிக்கப்போவதில்லை என்று ஒரு நாள் காலையில் எல்லார் போனிலும் செய்தி வந்தது. அன்றைக்குப் பிள்ளையார் பொம்மைக்கு வர்ணம் தீட்ட ஒருத்திக்கும் கை ஓடவில்லை.

அடுத்து யார் என்பதுதான் பேச்சு. பாதிப் பேர் வேறொரு சீரியலில் போலீஸாக வந்த குறுந்தாடிக்காரன் வேண்டும் என்றார்கள். மீதிப் பேர், அவனுக்கு அழவே வராது, இதே சீரியலில் தம்பியாக வந்து செத்துப்போனவனையே அண்ணனாக்கிவிடலாம் என்றார்கள். செத்தவன் எப்படி வருவான் என்று கேட்டதற்கு, மீசையை எடுத்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று பதில் வந்தது. சூளையிலிருந்து பொம்மை தூக்கிவந்த ஆண்கள்கூட நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள். இந்தச் சபைக்குத் தலைவி என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. எங்களுக்கு ஒரே வீடு, ஒரே ஷெட். யார் வந்தாலும் அவருக்கு ஈடாகாது என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

அவள் கண்ணைத் துடைத்தது எனக்கு இனித்தது. காரணம் இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன், பெண்ணாடத்துக்கு அப்பால் எங்கள் ஊரில் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார். ஒரு நாள் என் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்துபோயிருந்தது. தம்பி ஓரகத்தியின் போனுக்கு அடித்து, அப்பாவுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது, அக்காவை உடனே அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறான். நான் பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே டிவியில் அவரு கோர்ட்டுக் கூண்டில் நின்றிருந்தார். தீர்ப்பு வந்து, விளம்பரம் போய், எல்லாம் முடிந்த பிறகுதான் அவள் எழுந்து வந்து, இப்போதுதான் போன் வந்தது என்று சொன்னாள்.

நான் பெண்ணாடத்தில் இறங்கியபோது ஊருக்குப் போகும் கடைசி பஸ் போய்விட்டிருந்தது. ஆலையில் கரும்பை இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு டிராக்டரில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். தெருமுனையிலேயே அழுகைச் சத்தம் கேட்டது.

"எப்ப போன் பண்ணேன், இப்ப வர்ற. கடைசி வரைக்கும் உன்னத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாருக்கா," என்றான் தம்பி.

அவன் போன் செய்த நேரத்தைச் சொன்னதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அன்றைக்கே அவள் தலைமயிரைப் பிடித்து ஆட்டியிருக்க வேண்டும். கருமாதிக்கு வந்தவள் என்னைவிடச் சத்தமாக அழுதாள். என் சொந்தக்காரர்கள் அவளுக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்றினார்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு சண்டை போட்டால் எங்கே போவது என்று நான் வாயைக் கட்டிக்கொண்டேன். மறக்கவில்லை.

அதனால் ஷெட்டில் எல்லாரும் கத்தி ஓய்ந்ததும் நான் சொன்னேன்: "யாரும் வேணாம். அவர சாவடிச்சிடட்டும். போட்டோவுக்கு மாலையப் போட்டுட்டு கதைய நடத்தட்டும்."

ஓரகத்தியின் பிரஷ் பிள்ளையாரின் கண்ணைத் தாண்டிக் காது வரைக்கும் போய்விட்டது. வாயைக் கழுவு என்றாள். நான் விடுவேனா? டீ குடிக்கும்போதும் சாப்பாட்டு வேளையிலும் ஒவ்வொருத்தியாகப் பிடித்தேன். அவரு இருக்கிற வரைக்கும் நாயகி அழுதுகொண்டுதான் இருப்பாள், அவரு போனால் கம்பெனியை அவளே நடத்துவாள், மாமியாரை வெளியே அனுப்புவாள் என்று ஆசை காட்டினேன். மாமியார் வெளியே போவாள் என்றதும் பாதி ஷெட் என் பக்கம் சாய்ந்தது. கொஞ்ச நாளில் அவருக்காகப் பேச ஓரகத்தியைத் தவிர ஒருத்தியும் இல்லை. மதியச் சோற்றை அவள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். எனக்கு வயிறு குளிர்ந்தது.

ஆனால் சீரியல்காரர்கள் நம்மைக் கேட்டா கதை எழுதுகிறார்கள்? அவரு ஓட்டிய கார் மலையிலிருந்து உருண்டது. நான் கைதட்டாத குறை. மறுநாளே, உடம்பு கிடைக்கவில்லை என்று போலீஸ் சொல்லிவிட்டது. சீரியலில் உடம்பு கிடைக்கவில்லை என்றால் ஆள் பிழைத்துவிட்டான் என்று அர்த்தம். முகமெல்லாம் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடப்பான். கட்டைப் பிரித்தால் புது நடிகன் இருப்பான். ஓரகத்திக்கு உயிர் திரும்பியது. ஷெட் மறுபடி குறுந்தாடியா, செத்த தம்பியா என்று இரண்டாகப் பிரிந்தது. நான் தோற்றுப்போனேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் நல்ல மனநிலையில் இருந்தாள். ஜெயித்தவள் அல்லவா, எனக்கு இரக்கம் காட்டினாள்.

"கோவத்த வுடு. நீயே சொல்லு, அவருக்குப் பதிலா யாரப் போடலாம்?"

"உங்க அவருக்கு யாரையாவது போட்டுப்பாங்க. எங்கப்பாவுக்குப் பதிலா யாரப் போடலாம்? அத நீங்க சொல்லுங்க."

முதலில் புரியாதவள் போலப் பார்த்தாள். தம்பி போன் செய்த நேரத்தையும் அப்போது டிவியில் ஓடிய கோர்ட் சீனையும் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "தீர்ப்பு வரப்போவுது, கொஞ்ச நேரந்தானேன்னு இருந்துட்டேன்," என்றாள். அவ்வளவுதான். மன்னிப்பு என்ற பேச்சே அவள் வாயில் வரவில்லை. வந்திருந்தாலும் நான் கொடுத்திருக்கமாட்டேன்.

அதற்குப் பிறகு அவள் ஷெட்டில் எந்தப் பக்கமும் பேசவில்லை. கட்டுப் பிரிக்கிற எபிசோட் வந்த அன்று, தலைவலி என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். நான் போய்க் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிவந்து டிவிக்கு முன்னால் உட்கார வைத்தேன். நர்ஸ் சுற்றுச் சுற்றாகக் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஓரகத்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

"முகத்தப் பாருங்கக்கா," என்றேன். "உங்களுக்காவது பாக்கக் கெடச்சுதே."