தம்பி தொங்கவிட்டுப் போன பிரஷ்

எங்கள் தம்பி எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று அவருடைய மகன் என்னைக் கேட்டான். தோட்டப் பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவோடு நின்றுபோனவள் நான். "நீங்க சொல்லுங்க அத்தை, நான் அழகா மாத்தி எழுதிக்கிறேன்" என்றான். அழகாக மாற்றினால் அது என் தம்பியாக இருக்காது. அதனால் நானே எழுதியிருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் அச்சுக்காரர் திருத்தட்டும். சங்கதியைத் திருத்த வேண்டாம்.

தம்பி வயதில் எனக்குச் சிறியவர். காலமாகிவிட்டபடியால் 'அவர்' என்று மரியாதையாக எழுதுகிறேன். இடையில் கோபத்தில் 'அவன்' என்று வந்துவிட்டால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோபம் இன்னும் தீரவில்லை.

தம்பி கோலா கங்சாருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தார். எங்கள் தாய் தகப்பன் இருவரும் பால்மரம் சீவியவர்கள். அம்மா இருட்டோடு வேலைக்குப் போய்விடுவதால் தம்பி என் இடுப்பில்தான் வளர்ந்தார். அப்போதே பிடிவாதம். சோற்றை ஊட்டினால் வாயை மூடிக்கொள்வார், தட்டைக் கையில் கொடுத்தால்தான் சாப்பிடுவார். அப்பா காலமான பிறகு தோட்டத்தில் எங்களுக்கு இடமில்லாமல் போய் ஈப்போவுக்கு வந்தோம். தம்பி ஒரு சீனருடைய மேசை நாற்காலிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். முதலில் உப்புத்தாள் தேய்க்கும் வேலை, பிறகு வார்னிஷ் அடிக்கும் வேலை. கை நிதானம் பார்த்து முதலாளி அவரை அதிலேயே வைத்துக்கொண்டார். பிற்பாடு தம்பி தனியாகத் தொழில் செய்தார். வீட்டுக் கதவு, கட்டில், கோயில் மரச் சாமான் என்று அவர் கைப்பட்டவை ஈப்போவில் நிறைய இருக்கின்றன.

பார்வதியைக் கல்யாணம் செய்து, ஒரு மகனைப் பெற்றுப் படிக்க வைத்து ஆளாக்கினார். என் வீட்டுக்காரர் இறந்து, என் மகளையும் கட்டிக்கொடுத்த பிறகு நான் தனியாக இருந்தேன். ஒரு நாள் லாரியோடு வந்து நின்றார். "ஒத்தையில இருந்து என்னா பண்ணப் போறே? ஏறு லா அக்கா" என்றார். யோசிக்கிறேன் என்றேன். நான் யோசித்து முடிப்பதற்குள் என் அலமாரி லாரியில் ஏறிவிட்டது. அன்று முதல் ஈப்போ குனோங் ராபாட்டில் அவர் வீட்டில்தான் இருக்கிறேன். இந்த நன்றியை நான் மறக்கவில்லை. இனி எழுதப்போவதை வாசித்துவிட்டு மறந்துவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

தம்பிக்கு வார்னிஷ் பிரஷ்தான் முதல். மற்ற மனிதர்கள் எல்லாம் பிறகு. இரண்டு பூச்சுக்கு நடுவில் மரம் காயும் வரைக்கும் நாம் காத்திருக்கலாம், பிரஷ் காத்திருக்காது என்பார். ஒரு பூச்சு அடித்து முடித்ததும் பிரஷ்ஷை டின் விளிம்பில் வழித்து, டர்பன்டைனில் அலசி, பிடியில் இருக்கும் ஓட்டையில் கம்பியைக் கோத்து, டர்பன்டைன் ஊற்றிய பால்மாவு டின்னுக்குள் தொங்கவிடுவார். முடி மட்டும் நனைய வேண்டும், முடியைப் பிடித்திருக்கும் தகரப் பட்டை நனையக் கூடாது. முடியின் நுனி டின்னின் அடியில் இடிக்கவும் கூடாது. இடித்தால் வளைந்துபோய் அடுத்த பூச்சில் கோடு கோடாக விழும். மேலே பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டிவிடுவார். வேலை முழுக்க முடிந்தால்தான் சோப்புப் போட்டுக் கழுவி, காகிதத்தில் சுருட்டிப் பெட்டிக்குள் வைப்பார். தொங்கினால் வேலை பாக்கி, சுருட்டினால் வேலை முடிந்தது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். காது புளிக்கக் கேட்டிருக்கிறோம்.

என் மகள் கல்யாணத்தன்று தாய்மாமனைக் காணவில்லை. மாலை எடுத்துக் கொடுக்க வேண்டியவர் அவர். ஐயர் என்னைப் பார்க்கிறார், நான் வாசலைப் பார்க்கிறேன், சம்பந்தி வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். கடைசியில் பட்டு வேட்டியும் டர்பன்டைன் வாடையுமாக வந்து சேர்ந்தார்.

"எங்கடா போய்த் தொலைஞ்சே?" என்றேன்.

"விடியக்காலைல ஒரு பூச்சு அடிச்சேன் அக்கா. பிரஷ்ஷ அப்படியே போட்டுட்டு வந்தா முடியெல்லாம் கட்டிக்கும்லா."

"இங்க தாலி கட்டாம நிக்குதுடா!"

"தாப்பா லா, வந்துட்டேன்ல. மாலை எங்க?"

பரவாயில்லை என்பதற்குத் தாப்பா என்று அவர் சொல்லும்போது எனக்கு ரத்தம் கொதிக்கும். சம்பந்தி அம்மாள் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நின்றது இன்றும் கண்ணில் நிற்கிறது.

ஊரார் கதவுக்கெல்லாம் வார்னிஷ் அடித்தவர் தன் வீட்டு முன்கதவை மட்டும் வெறும் மரமாக விட்டுவைத்திருந்தார். பார்வதி சொல்லிச் சொல்லி ஓய்ந்து போனாள். சென்ற ஆண்டுதான், வேலை குறைந்த பிறகு, அந்தக் கதவில் கை வைத்தார். அதிலும் சண்டை. வெள்ளிக்கிழமை கதவுக்கு மஞ்சள் குங்குமம் வைக்கப் போனாள் பார்வதி. "பூச்சு காயற வரைக்கும் பொட்டு வேணாம்" என்றார்.

"பன்னி முடி பிரஷ் படலாம், மஞ்ச படக் கூடாதா?" என்று கேட்டாள்.

"மஞ்ச ஒட்டிக்கும். பன்னி ஒட்டாது" என்றார். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டாவது பூச்சு அடித்து முடித்த அன்று சாயங்காலம்தான் அவருக்கு நெஞ்சு வலித்தது. கதவுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பார்வதி பதறிப்போய், "முகமெல்லாம் வேர்த்துக் கொட்டுது, வாங்க ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று கையைப் பிடித்தாள்.

"இரு, பிரஷ்ஷக் கழுவிட்டு வாரேன்."

"டேய், பிரஷ் போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம்டா!" என்று நான் கத்தினேன்.

"இது பழகின பிரஷ் அக்கா. நீ சும்மா இரு."

பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்து வாசலில் நிறுத்திவிட்டார். இவர் வழிக்கிறார், அலசுகிறார், கம்பி கோக்கிறார். பிடுங்கலாம் என்று பார்வதி கையை நீட்டினால் தட்டிவிடுகிறார். பிளாஸ்டிக் பையைக் கட்டி முடித்த பிறகுதான் காரில் ஏறினார். ஏறியும், கண்ணாடியை இறக்கி, "டின்ன யாரும் தொடாதீங்க. வந்து கடைசிப் பூச்சு அடிக்கணும்" என்றார்.

வரவில்லை. சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார், அங்கேயே அடங்கிவிட்டார். முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று பார்வதி டாக்டரிடம் கேட்டாள். இருதயம் ரொம்ப நாளாகவே கெட்டிருந்தது, அந்தக் கொஞ்ச நேரத்தால் ஒன்றும் ஆகிவிடவில்லை என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நான் பாதி நம்பினேன். பார்வதி நம்பவே இல்லை.

எங்கள் வழக்கப்படி உடல் வாசலைத் தாண்டியதும் பெண்கள் வீடு கழுவ ஆரம்பித்தார்கள். தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து வந்திருந்த எங்கள் சித்தி மகள் சுறுசுறுப்பானவள். கார் நிறுத்தும் இடத்தில் இருந்த டின்னைப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், டர்பன்டைனைச் சாக்கடையில் ஊற்றிவிட்டுப் பிரஷ்ஷை மஞ்சள் தண்ணீர் வாளிக்குள் முடி கீழே இருக்கும்படி குத்தி நிறுத்திவிட்டாள். அதோடு விட்டாளா? அந்த மஞ்சள் தண்ணீரையே எடுத்துக் கதவில் விசிறி அடித்தாள். சரியாகக் காயாத பூச்சு வெள்ளையும் மஞ்சளுமாகப் பூத்துவிட்டது. அவளும் இந்த மலரை வாங்கி வாசிப்பாள். வாசிக்கட்டும்.

"ஐயோ, கெடுத்திட்டியேடி!" என்று நான் போட்ட கூச்சலில் பெண்களெல்லாம் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள்.

"அழுதிடுங்க அக்கா, அடக்கி வைக்காதீங்க" என்றாள் ஒருத்தி.

"நான் அழலடி! பிரஷ்ஷத் தண்ணியிலேருந்து எடுங்கடி!"

"பாவம், தம்பி போனதில புத்தி தடுமாறுது" என்று இன்னொருத்தி சொன்னது என் காதில் விழுந்தது.

பிரஷ்ஷை நானே எடுத்தேன். துணியில் ஒற்றி, நிழலில் காயவைத்து, புது டர்பன்டைனில் அலசி, கம்பி கோத்துத் தொங்கவிட்டேன். அன்று தொடங்கியது எனக்கும் பார்வதிக்கும் தகராறு. "அதுதான் அவரக் கொன்னுச்சு. தூக்கிப் போடுங்க அண்ணி" என்பாள். கதவு முடியவில்லை, அவர் தொங்கவிட்டுப் போனதை எடுத்தெறிய எனக்கு மனசு வராது என்பேன். டின்னை அவள் பின்பக்கம் தள்ளி வைப்பாள், நான் திரும்ப முன்பக்கம் கொண்டுவருவேன். ஈப்போ வெயிலில் டர்பன்டைன் வற்றிக்கொண்டே இருக்கும், நான் ஊற்றிக்கொண்டே இருப்பேன். சாமான் கடைச் சீனர் என் தலையைப் பார்த்ததும், "அக்கா, அந்தக் கதவு இன்னும் முடியலியா? எந்தக் கோட்டைக் கதவு?" என்பார். இவ்வளவு நாள் ஊறவைக்கும் பிரஷ் அல்ல அது. இரண்டு பூச்சுக்கு நடுவே சில நாள் தொங்க வேண்டியது. அது எனக்குத் தெரியாமல் இல்லை. வேறு என்ன செய்வது?

தம்பி மகன் கோலாலம்பூரிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு யோசனை கொண்டுவருவான். ஒருமுறை ஒரு பெயிண்டரைக் கூட்டிவந்தான். அந்த ஆள் டின்னைப் பார்த்துச் சிரித்து, "இதெல்லாம் எதுக்கு பாட்டி, ஸ்பிரே அடிச்சா ஒரே நாள்ல முடிஞ்சிடும்" என்றான். தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். அடுத்த முறை தம்பி மகனே, கதவையே கழற்றிவிட்டு அலுமினியக் கதவு போடலாம் என்றான். அன்று நானும் பார்வதியும் ஒரே நேரத்தில் அவனைத் திட்டினோம். அந்த ஆண்டில் நாங்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

திதி நெருங்கியது. சொந்தபந்தம் எல்லாம் அந்தத் திட்டுத் திட்டான கதவு வழியாக நுழைவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. நானே அடித்துவிடுவது என்று முடிவு செய்து ஒரு நாள் காலையில் உப்புத்தாளை எடுத்தேன். கை வலி உயிரை வாங்கியது. பார்வதி உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"குறுக்க தேய்க்கிறீங்க அண்ணி. அவர் மரம் போற போக்குலதான் தேய்ப்பார்."

"தெரிஞ்சவ வந்து தேயி."

வந்துவிட்டாள். கீழ்ப்பாதியை அவளே தேய்த்தாள், தூசியை ஈரத்துணியால் துடைத்தாள். பிரஷ்ஷை நான் எடுத்ததும் பிடுங்கிக்கொண்டு, உதறி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மோர் கடைவது மாதிரி உருட்டிச் சுழற்றினாள். தம்பி செய்வது அச்சாக அப்படித்தான். எவ்வளவு நாள் உள்ளேயிருந்து பார்த்திருக்கிறாள்! நான் மேலே அடித்தேன், அவள் கீழே அடித்தாள். நான் அடித்தது வழிந்தது, அவள் அதை இழுத்துவிட்டாள். திட்டிக்கொண்டேதான் அடித்தோம். இரண்டு இடத்தில் பிரஷ் முடி ஒட்டிக்கொண்டது. ஆனாலும் கதவு பளபளவென்று நின்றது.

நான் சோப்பும் பழைய நாளிதழும் எடுத்துவந்தேன். பார்வதி அதற்குள் பிரஷ்ஷை அலசி, கம்பி கோத்து, டின்னுக்குள் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னா செய்றே? முடிஞ்சிடுச்சுலா. கழுவிச் சுருட்டு" என்றேன்.

"இன்னொரு பூச்சு வேணும் அண்ணி."

"மூணுதானே அவன் கணக்கு?"

"கீழ மஞ்சத் தண்ணி பட்ட இடம் தெரியுது."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"எனக்குத் தெரியுது" என்றாள். பிளாஸ்டிக் பையை எடுத்து டின் வாயைக் கட்டினாள். ஓராண்டாக அதைத் தூக்கிப் போடு என்று என் உயிரை எடுத்தவள்! எனக்கு வந்த எரிச்சலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் முகத்தைப் பார்த்தேன், சோப்பையும் நாளிதழையும் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

தம்பியின் கடைசி நாட்களில் காரை எடுத்து ஓடிய பக்கத்து வீட்டுக்காரருக்கும், ஆஸ்பத்திரியில் மாறி மாறித் துணையிருந்தவர்களுக்கும், பாடை சுமந்த பிள்ளைகளுக்கும், காரியத்தன்று சமையலைப் பார்த்துக்கொண்ட கோயில் பெண்களுக்கும், ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சித்தி மகளுக்கும் நன்றிதான். அவள் வேலையைக் கெடுத்தாளே தவிர, வேலைக்குச் சளைக்கவில்லை.

திதிக்கு வரும் நீங்கள் எல்லோரும் பின்வாசல் வழியாகத்தான் வர வேண்டியிருக்கும், மன்னிக்க வேண்டும். முன்கதவில் பூச்சு அன்றைக்கும் காய்ந்திருக்காது. பார்வதி நேற்றும் ஒருமுறை அடித்தாள். இதுதான் கடைசியா என்று யாரும் அவளிடம் கேட்க வேண்டாம். கூடவே இருக்கும் நானே கேட்கவில்லை.

இப்படிக்கு,
அக்கா