வியாழனின் நாலாவது புள்ளி

கல்வராயன் மலைக் காசநோய் ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருந்தார். எலும்பும் தோலுமான உடம்பு, கழுத்தில் மப்ளர். பொழுது சாய்ந்ததும் வராந்தாக் கம்பியில் பைனாகுலரை ஊன்றி, இருமலை அடக்கிக்கொண்டு வியாழனைப் பார்ப்பார். அதன் அருகே தெரியும் நிலாக்களைக் காய்ச்சல் குறிக்கும் அட்டையின் பின்பக்கம் புள்ளிகளாக வைப்பார். முன்பு இருந்த நோயாளிகள் புள்ளி வைத்த அட்டைகளும் கட்டாக அவரிடம் இருந்தன. போகிறவர் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம்.

ஒரு நாள் அவரால் எழ முடியவில்லை. என்னைப் பார்க்கச் சொன்னார். மூன்றுதான் தெரிந்தது. நாலு உண்டு என்று அவர் முன்பே சொல்லியிருந்ததால் நாலு புள்ளி வைத்துக் கொடுத்தேன்.

"நாலாவது எங்கய்யா இருந்திச்சி?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அது வியாழனுக்குப் பின்னால பூட்டிருக்கும். எனக்கோசரம் பொய்யி வெக்காத. கண்ணுல பட்டத மட்டும் வையி."

மறுநாள் சாயங்காலம் அவருக்கு மூச்சு முட்டியது. கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோக ஜீப்பில் ஏற்றினார்கள். அட்டைக் கட்டை என் கையில் கொடுத்து, "இன்னிக்கு எத்தினி?" என்றார். நாலு என்று சொல்லி அனுப்பலாமா என்றிருந்தது.

"ஒரே மேகம்ங்க."

"அப்ப மேகம்னு எழுது."

எழுதினேன். அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்க மட்டும் எனக்குக் கடைசிவரை வாய் வரவில்லை.