முள்ளுக்கு உள்ளே ஒரு பகல்

அம்மா போன் பண்ணும்போதெல்லாம் முதல் கேள்வி இதுதான்: "ஏட்டி, வெளிநாட்டுல எப்படி இருக்க?" திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்ததே அவளுக்கு வெகுதூரம். நாங்களோ ஓசூரையும் விட்டு, பாகலூர் தாண்டி, மாநில எல்லையையும் தாண்டி ஒரு சின்ன ஊரில் போய் உட்கார்ந்திருந்தோம். பஸ் போர்டைக்கூட எனக்கு வாசிக்கத் தெரியாது. வெளியில் கன்னடம், வீட்டுக்குள் தெலுங்கு, மாட்டைத் திட்டும்போது இரண்டும் கலந்து பேசுகிற ஊர். வெளிநாடு என்று அவள் சொன்னதில் தப்பே இல்லை.

என் வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. டவுனில் கிடைத்த வீடெல்லாம் புறாக்கூடு மாதிரி இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் கம்பெனி பஸ் வருகிற ஒரு ஊரில் ஷீட் போட்ட புது வீடு கிடைத்ததும் மனுஷர் குளிர்ந்துபோனார். "காத்தோட்டமா இருக்கும்ட்டி. பாஷை எல்லாம் தன்னால வரும்" என்றார். அவருக்குக் கம்பெனி லைனில் பேச நாலு பேர் இருந்தார்கள். பகல் முழுக்க நான் யாரிடம் பேசுவேன்? ஊரில் ஒரு தெரு முழுக்கக் கேட்கும்படி பேசுகிறவள் நான். இங்கே வந்து ஊமையாகிப் போனேன்.

தமிழ் தெரிந்த ஆள் ஒருவர் இருந்தார். ஓசூருக்குப் பால் வண்டி ஓட்டுகிறவர். விடியுமுன் கிளம்பினால் பொழுது சாயத்தான் வருவார். மற்றபடி எனக்கு இருந்த ஒரே துணை பக்கத்து வீட்டுக்காரி. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள், இரண்டு பையன்களுக்கு அம்மா. தினமும் ஒரு சொம்பு மோரோடு வந்து வாசலில் உட்கார்ந்து தெலுங்கில் கதை கதையாகச் சொல்வாள். நான் தலையாட்டுவேன். அவள் சிரித்தால் சிரிப்பேன், அவள் உச்சுக்கொட்டினால் நானும் உச்சுக்கொட்டுவேன். பூம்பூம் மாடு தோற்றுவிடும்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் பயம் வேறு. என் பெண்ணுக்கு அப்போது ஒன்றரை வயது. வீறிட்டு அழுதால் மூச்சு அப்படியே நின்றுவிடும். வாய் திறந்தபடி இருக்கும், சத்தம் வராது, உதடு நீலமாகும், உடம்பு விறைக்கும். முகத்தில் பலமாக ஊதி, குப்புறச் சாய்த்து முதுகில் தட்டினால் மூச்சு திரும்பும். "வளர வளரச் சரியாயிடும், பயப்படாதீங்க" என்றார் டாக்டர். அவருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். நான் இல்லாத நேரத்தில் அது வந்துவிட்டால் என்ன செய்வது என்ற நினைப்பு எனக்கு அடுப்படியிலும் இருக்கும், குளிக்கும்போதும் இருக்கும்.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரிக்கு இதைச் சொல்லிப் பார்த்தேன். பிள்ளையைக் காட்டி, அழுவதுபோல் நடித்து, முகத்துக்கு நேராக 'பூ பூ' என்று ஊதிக் காட்டினேன். அவள் கவனமாகப் பார்த்தாள். புரிந்துவிட்டது என்று எழுந்து போனவள், தன் வீட்டு ஊதாங்குழலை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். என் அடுப்பு எரியவில்லை, அதனால் பிள்ளை பசியில் அழுகிறது என்று நினைத்திருக்கிறாள், பாவம். அன்றைக்குச் சிரித்துவிட்டேன். இரவு பிள்ளையின் மூச்சைக் கேட்டபடி விழித்துக்கிடந்தேன்.

மாசி கழிந்து வெயில் ஏற ஆரம்பித்த சமயம். ஒருநாள் சாயங்காலம் அவள் வழக்கத்துக்கு மாறாக நின்றுகொண்டே பேசினாள். 'ரேப்பு' என்றால் நாளை என்று எனக்குத் தெரிந்திருந்தது. 'அம்மோரு' என்றால் அம்மன் என்றும் தெரிந்திருந்தது. கையை ஊர் எல்லைப் பக்கமிருந்து ஊருக்குள் வளைத்துக் காட்டினாள். நாளைக்கு அம்மன் ஊருக்குள் வருகிறாள்! அடேயப்பா, முதல்முறையாக ஒரு விஷயம் முழுசாகப் புரிந்துவிட்டது. பிறகு பானை, சூரியன், தோப்பு என்று என்னென்னவோ காட்டினாள். பொங்கல் வைப்பார்கள்போல என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அவள் நிம்மதியாகப் போனாள்.

எங்கள் ஊர்க் கொடைத் திருவிழாவில் அம்மன் வருகிறாள் என்றால் யாரும் வீட்டைவிட்டு நகரமாட்டோம். தலைக்குக் குளித்து, வாசலில் கோலம் போட்டு, விளக்கேற்றி, கதவை விரியத் திறந்து வைத்துக் காத்திருப்போம். வாசலுக்கு வருகிற அம்மனுக்கு வீட்டில் ஆள் இல்லையென்றால் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. மறுநாள் நானும் அப்படித்தான் செய்தேன். அவர் முதல் ஷிப்ட்டுக்குப் போனதும் இருட்டோடு பெரிய கோலம் போட்டேன். விளக்கேற்றினேன். அடுப்பில் பாயசத்துக்குப் பால் வைத்தேன். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் பின்னால் தலைக்குக் குளிக்கப் போனேன்.

ஈரத்தலையோடு வந்தபோது பாயில் பிள்ளை இல்லை.

முதலில் பயம் வரவில்லை. கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், அடுப்படியில் பார்த்தேன். "பாப்பா, ஏ பாப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே வாசலுக்கு வந்தேன். பக்கத்து வீடு பூட்டியிருந்தது. எதிர்வீடும் பூட்டியிருந்தது. அதற்கடுத்ததும், அதற்கடுத்ததும். மாட்டுக் கொட்டகையில் மாடு இல்லை. குப்பைமேட்டில் ஒரு கோழி இல்லை. தெருநாயைக்கூடக் காணோம். காலை நேரத்தில் ஒரு வீட்டிலும் புகை இல்லை. ஊரையே யாரோ துடைத்து எடுத்துக்கொண்டு போனமாதிரி இருந்தது.

பின்பக்கக் கிணற்றுக்கு ஓடினேன். எட்டிப் பார்க்கத் தைரியம் வராமல் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மாதிரி ஒரு நிமிஷம் எதிரிக்கும் வரக்கூடாது. பார்த்தேன். தண்ணீரில் வானம்தான் தெரிந்தது. அவருக்குப் போன் போட்டேன். லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அது அடித்து அடித்து ஓய்ந்தது. தண்ணீர்த் தகராறு வந்தால் எல்லையில் தமிழ் வண்டிகளை மறிப்பார்கள் என்று கேள்விப்பட்டதெல்லாம் அப்போதுதானா நினைவுக்கு வரவேண்டும்? இவர்கள் என்னை என்ன செய்யப் போகிறார்கள், பிள்ளையை யார் தூக்கினார்கள் என்று மனசு கண்டபடி ஓடியது. வாய்விட்டுக் கத்திக்கொண்டே தெருவில் ஓடினேன். பதிலுக்கு என் சத்தம்தான் பூட்டிய வீடுகளில் மோதித் திரும்பி வந்தது.

ஊர் முடிகிற இடத்தில் பாதையின் குறுக்கே முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். முள்ளுக்கு முன்னால் தரையில் மஞ்சள் தண்ணீரால் கோடு, அதன்மேல் வேப்பிலை. அந்தப் பக்கம் கம்போடு பத்துப் பதினைந்து ஆண்கள். அவர்களுக்குப் பின்னால் புளியந்தோப்பில் மொத்த ஊரும் இருந்தது. மாடு, கோழிக்கூடை, பானை, நாய் எல்லாம் அங்கே. பக்கத்து வீட்டுக்காரியின் இடுப்பில் என் பெண்.

உயிர் வந்ததுபோல் இருந்தது. ஓடினேன். கம்புகள் எல்லாம் ஒரே சமயத்தில் என்னை நோக்கி நீண்டன. ஆளாளுக்குக் கத்தினார்கள். பால் வண்டிக்காரர் முன்னால் வந்தார். அன்றைக்கு அவரும் வண்டி எடுக்கவில்லை.

"வராதம்மா! அங்கியே நில்லு! அம்மோரு உள்ள வந்தாச்சு. இன்னிக்கி ஊருக்குள்ள மனுசங்க இருக்கவே கூடாது. நீ உள்ள இருந்துட்ட. இப்ப வெளிய வந்தீனா எல்லாமும் உங்கூடவே வந்துரும். பொழுது சாயற வெரைக்கும் அங்கியே இரும்மா!"

அம்மன் வருகிறாள் என்றால் எங்கள் ஊரில் வீட்டில் இருக்க வேண்டும். இங்கே ஊரையே அவளுக்கு விட்டுவிட்டுப் போய்விட வேண்டும். ஊரில் இருக்கிற நோயையும் பீடையையும் அவள் அந்த ஒரு பகலில் கூட்டிப் பெருக்கி எடுத்துக்கொண்டு போவாளாம். பக்கத்து வீட்டுக்காரி அதைத்தான் அத்தனை பொறுமையாகச் சொல்லியிருக்கிறாள். காலையில் வந்து பார்த்தபோது கதவு திறந்திருக்க, பிள்ளை தனியாக எழுந்து உட்கார்ந்திருக்க, பிள்ளையை அவளை நம்பி விட்டுவிட்டு நான் பானை தூக்கிய பெண்களோடு முன்னால் போய்விட்டேன் என்று அவசரத்தில் நினைத்துத் தூக்கிவந்திருக்கிறாள். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அந்த நேரம் எனக்குக் கம்புகள் மட்டும்தான் தெரிந்தன.

என்னைப் பார்த்ததும் பிள்ளை கையை நீட்டியது. நான் வரவில்லை என்றதும் வீறிட்டது. அந்த அழுகையின் கடைசி இழுப்பு எனக்குத் தெரியும். வாய் திறந்தது திறந்தபடி நின்றது, சத்தம் நின்றுவிட்டது.

"மூஞ்சில ஊதச் சொல்லுங்கய்யா! மூச்சு நின்னுட்டு! ஊதச் சொல்லுங்க!"

"என்னாமா? என்னா சொல்ற?" பால் வண்டிக்காரருக்குக் காதில் விழவில்லை. சுற்றிலும் அத்தனை கூச்சல். நான் காற்றில் ஊதிக் காட்டினேன். பைத்தியக்காரி மாதிரி முள்ளுக்கு இந்தப் பக்கம் நின்று 'பூ பூ' என்று ஊதினேன். அம்மன்தான் என்மேல் இறங்கிவிட்டாள் என்று நினைத்தார்களோ என்னவோ, ஒரு கிழவி கும்பிட்டாள். பிள்ளையின் உதடு நீலமானது இங்கிருந்தே தெரிந்தது. தலை பின்னால் சாய்ந்தது.

பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பித் தன் இரண்டு பையன்களையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு முள்ளை மிதித்துக்கொண்டு கோட்டைத் தாண்டி வந்துவிட்டாள்.

பிடுங்கினேன். ஊதினேன், குப்புறச் சாய்த்துத் தட்டினேன், மறுபடி ஊதினேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. 'க்ஹா' என்று மூச்சை இழுத்துப் பிள்ளை அழுதது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன். அந்தப் பக்கம் அவள் வீட்டுக்காரர் கம்பைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கை வைத்து நின்றார். சின்னவன் அம்மாவிடம் ஓடிவரப் பார்க்க, யாரோ பிடித்து இழுத்தார்கள். இனி அவளும் திரும்பிப் போக முடியாது. அவள் காலில் முள் குத்தி ரத்தம் வந்துகொண்டிருந்தது. முந்தானையைத் தலைக்கு இழுத்து விட்டுக்கொண்டு, இடம் வலம் பார்க்காமல், என் கையைப் பிடித்து ஊருக்குள் நடந்தாள்.

காலையில் அவசரத்தில் கவனிக்காத என் வாசல் கோலத்தை இப்போது பார்த்ததும் நின்றுவிட்டாள். உள்ளே எரிகிற விளக்கைப் பார்த்தாள். கூப்பிட்டு வைத்திருக்கிறேனே, கதவைத் திறந்துவைத்து அம்மனை வீட்டுக்குள்ளேயே கூப்பிட்டு வைத்திருக்கிறேனே! அவள் கோலத்தை அழிக்கவில்லை, விளக்கை அணைக்கவில்லை. தொடப் பயம். பால் பொங்கி வழிந்து அடுப்பு தானாகவே அணைந்திருந்தது. மூலையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து என்னையும் இழுத்து உட்கார வைத்தாள்.

சாயங்காலம் வரை அப்படியே இருந்தோம். ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரரையும் முள்ளுக்கு அந்தப் பக்கமே நிறுத்தி வைத்தார்களாம். வெயிலில் ஷீட் 'டப்' என்று விரியும்போதெல்லாம் அவள் நகம் என் கையில் பதிந்தது. வாய் எதையோ முணுமுணுத்தது. பையன்களின் பெயர் மட்டும் எனக்குப் புரிந்தது. காலில் குத்திய முள்ளை எடுக்கப் போனேன், வேண்டாம் என்று காலை இழுத்துக்கொண்டாள். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். காலியான தெருவில் காற்று ஒரு தகரத்தை உருட்டிக்கொண்டு போனபோது, இருவரும் ஒரே நேரத்தில் பிள்ளையின் காதைப் பொத்தினோம்.

பொழுது சாய்ந்ததும் தப்பட்டை அடித்துக்கொண்டு ஊர் திரும்பியது. எங்கள் இருவர் தலையிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். பால் வண்டிக்காரர் மட்டும் போகிறபோக்கில் சொன்னார்: "அம்மோரு கொண்டும்போற நோவ, கோட்டத் தாண்டி உள்ள வந்தவ ஏத்துக்கினாள்னு அர்த்தம்மா. பாப்போம். ஒண்ணும் ஆவாது."

சித்திரையில் அவள் சின்ன மகனுக்கு அம்மை போட்டது.

ஊரில் வேறு யாருக்கும் இல்லை, அவனுக்கு மட்டும். டாக்டரைக் கேட்டால் பள்ளிக்கூடத்தில் தொற்றியிருக்கும் என்பார், எனக்குத் தெரியாதா? தெரிந்து என்ன செய்ய? அவள் வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. தினமும் இளநீரோடு போய் வெளியே நிற்பேன். உள்ளேயிருந்து அவன் முனகுவது கேட்கும். அவள் வந்து வாங்கிக்கொள்வாள். என்றாவது ஒரு நாள் என் முகத்தைப் பார்த்து ஏதாவது கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன். அப்போது எனக்கு ஓரளவு தெலுங்கு புரிய ஆரம்பித்திருந்தது. கேட்டால் புரிந்துவிடும். அவள் கேட்டதெல்லாம், "பாப்பா சாப்பிட்டாளா?" என்றுதான்.

அவனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியபோது கன்னத்தில் இரண்டு தழும்பு நின்றது.

இந்த வருஷம் அந்த நாளில் நான்தான் முதல் ஆளாகப் பானையும் பிள்ளையுமாகத் தோப்பில் நின்றேன். விளக்கில்லை, கோலமில்லை, வீட்டைப் பூட்டியாயிற்று. ஆண்கள் முள்ளை இழுத்து வந்தார்கள். போடப் போகும்போது பக்கத்து வீட்டுக்காரி கையை உயர்த்தி நிறுத்தினாள். கூட்டத்தில் அவள் கண் என்னைத் தேடியது. நான் கையைத் தூக்கிக் காட்டினேன். பிள்ளையையும் தூக்கிக் காட்டினேன். அப்புறம்தான் முள்ளைப் போடவிட்டாள்.

என் பெண் இப்போது அவ்வளவாக மூச்சடைப்பதில்லை. டாக்டர் சொன்னதுபோலச் சரியாகிக்கொண்டு வருகிறது. முள் விழுந்தபோது நான் என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மாட்டுக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டுக்காரியின் சின்ன மகன் லேசாக இருமினான். நான் பானையைக் கீழே வைத்துவிட்டுப் போய் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.