ராமுத்தாய் வீட்டுச் சுவர்

கம்பத்தில் தங்கப்பாண்டியன் வாயைத் திறந்தால் படகுக் கதைதான். ராணுவத்தில் பதினெட்டு வருஷம் தாக்குதல் படகு ஓட்டிய ஹவில்தார் அல்லவா! ஆற்றைக் கடந்து எதிரிக் கரையில் ஆளை இறக்கிவிட்டுப் பறக்கும் வேகப் படகு அது. புதுச் சிப்பாய்களுக்கு அவர்தான் வாத்தியார். "வீட்டோரம் வந்தா வேகத்தக் கொறைங்கடா. வெள்ளம் விட்டு வச்சத நம்ம கெளப்புற அலை சாச்சுப்புடும்" என்பதுதான் அவருடைய முதல் பாடம். ஓய்வுபெற்று வந்து திராட்சை போட்டவரை, "இங்கன படகு ஓட்டத் தண்ணி ஏதுண்ணே?" என்று டீக்கடையில் கிண்டல் பண்ணாத ஆளில்லை.

போன ஐப்பசியில் முல்லையாறு ஊருக்குள் புகுந்தது. ஆட்களை மீட்க மோட்டார் படகு வந்து சேர்ந்தது, ஓட்டத் தெரிந்த ஆள் வரவில்லை. தங்கப்பாண்டியனுக்குக் கேட்கவா வேண்டும்! தாவி ஏறினார். கிண்டல் பண்ணிய அத்தனை பேரும் பாலத்தின் மேல் நின்றார்கள். கைப்பிடியை முழுசாக முறுக்கினார். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. பாலத்தில் ஒரே விசில்.

தோட்டக் கூலிக்குப் போய்க்கொண்டே ராமுத்தாய் நாலு வருஷமாக எழுப்பிய மண்சுவர் வீடு, இடுப்பளவுத் தண்ணீரில் அதுவரை நின்றுகொண்டுதான் இருந்தது. அவளும் ரெண்டு பிள்ளைகளும் பக்கத்து மொட்டைமாடியில் ஏறியிருந்தார்கள். படகு வளைந்து திரும்பிய வேகத்தில் எழும்பிய அலை போய் மோதியது. சுவர் பொத்தென்று உட்கார்ந்தது, கூரையும் கூடவே போனது. தங்கப்பாண்டியன் அப்புறம்தான் வேகத்தைக் குறைத்தார். மூன்று பேரையும் படகில் ஏற்றினார். அவள் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தாள். கவனிக்கவில்லை போல என்று மனசைத் தேற்றிக்கொண்டார். வெள்ளத்தில் விழுந்தது என்று ஊர் பேசியது, அவரும் ஆமாம் போட்டார். வாத்தியார் லட்சணம்!

பத்து நாள் கழித்துப் பாராட்டு விழா. பொன்னாடையை ராமுத்தாய்தான் போர்த்த வேண்டும் என்று அவளை மேடையேற்றினார்கள். இன்றைக்காவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவரும் வந்திருந்தார். அவள் பொன்னாடையைத் தோளில் போட்டுவிட்டு, அவர் காதில் மட்டும் விழும்படி சொன்னாள்.

"மெதுவா வந்திருந்தீகன்னா செவரு நின்னுருக்கும்ணே."

கீழே கைதட்டல் ஓயவில்லை. மைக்கைக் கையில் கொடுத்தார்கள். ராமுத்தாய் இறங்கிப் போகாமல் அங்கனயே நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் கடமையத்தான் செஞ்சேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.