பூவுக்கு முன் தூக்க வேண்டிய கை

பிப்ரவரி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. மிசாவோ உள்ளே வந்து மேல்கோட்டைக் கழற்றிய சத்தத்திலேயே கினுயோவுக்குப் பாதி விளங்கிவிட்டது. இடது கை முதலில் வெளியே வந்தது. அப்புறம் கோட்டு வலது பக்கமாகச் சரிந்து, தானாக உருவிக்கொண்டு பாயில் விழுந்தது. தோள் நன்றாக இருக்கிற யாரும் அப்படிக் கோட்டைக் கழற்றுவதில்லை.

"எத்தனை நாளா இப்படி?"

"புது வருசத்துக்கு முன்னாடியே கொஞ்சம் இழுத்துக்கிட்டுத்தான் இருந்துச்சுக்கா. உங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு..."

"நான் கதவைத் தொறந்து வச்சு உக்காந்திருக்கிறதே தொந்தரவுக்குத்தான். படு."

மெத்தையில் படுக்கவைத்து, மேலே மெல்லிய பருத்தித் துணியை விரித்து, கினுயோ வலது கையை மெதுவாகத் தூக்கினாள். மார்பு உயரம் வரை வந்தது. அதற்கு மேல் தாழ்ப்பாள் போட்ட கதவு மாதிரி நின்றுவிட்டது.

ஐம்பதுத் தோள். தோகோ ஏரியைச் சுற்றி எல்லாரும் அதற்கு வைத்திருக்கும் பெயர் அதுதான். மிசாவோவுக்கு ஐம்பத்தொன்று.

"ஆஸ்பத்திரில படம் எடுத்தாங்கக்கா. எலும்பு நல்லாத்தான் இருக்காம். தானா சரியாக ஒரு வருசம் ஆகும்னு சொல்லிட்டாரு டாக்டர்." மிசாவோ இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டாள். "பூ ஏப்ரல்லக்கா."

அதற்கு மேல் அவள் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் தோட்டத்துப் பேரிக்காய் மரம் தன் மகரந்தத்தில் தானே காய்க்காத சாதி. வேறு சாதி மரத்தின் மகரந்தத்தைப் பஞ்சுக் குச்சியில் எடுத்து, பந்தலில் படர்ந்த கிளைகளில் ஒவ்வொரு பூங்கொத்தாகத் தொட்டுவிட்டால்தான் காய். நாள் முழுக்கக் கை தலைக்கு மேலேயே இருக்கும்; பழகாத இடது கைக்கு அந்தப் பதம் வராது. பூ ஐந்து நாள் நிற்கும், மிஞ்சினால் ஆறு. ஊரில் அத்தனை தோட்டமும் ஒரே வாரத்தில் பூக்கும் என்பதால் கூலிக்கும் ஆள் கிடைக்காது. மிசாவோ வீட்டில் நாற்பது மரம். அவள் புருசன் இசாமு ஒற்றை ஆளாக நாற்பதையும் தொட்டு முடிக்க முடியாது. தொடாத பூ உதிர்ந்து போகும். அந்த வருசத்துப் பாடும் அதோடு போகும்.

"பூவுக்குள்ள உன் கையைத் தூக்க வச்சிடறேன்," என்றாள் கினுயோ.

சொன்ன பிறகுதான், இப்படி யாருக்கும் நாள் குறித்து வாக்குக் கொடுத்ததில்லையே என்று தோன்றியது.

ஆறு வயதில் வந்த தட்டம்மை கினுயோவின் இரண்டு கண்களையும் கொண்டு போயிருந்தது. நகரத்துப் பார்வையற்றோர் பள்ளியில் சேர்த்தார்கள். மருந்தில்லா ஊசி குத்துதல், சூடு வைத்தல், பிடித்துவிடுதல் என்று மூன்று வைத்தியத்தையும் அங்கேயே படித்து, மூன்றுக்கும் அரசு உரிமம் வாங்கினாள். அவள் வகுப்பிலேயே மூன்றிலும் ஒரே தடவையில் தேறியவள் அவள் ஒருத்திதான். பிறகு இருபத்திரண்டு வருசம் ஏரிக்கரை வெந்நீர் ஊற்று விடுதிகளில் வேலை. கம்பெனிக்காரர்கள் கூட்டமாக வருவார்கள். குளித்து, குடித்து, குப்புறப் படுத்துக்கொண்டு, "இன்னும் பலமா, இன்னும் பலமா" என்பார்கள். வலித்தால்தான் வேலை நடக்கிறது என்று அவர்களுக்கு நம்பிக்கை. கினுயோவின் கட்டைவிரலுக்குப் பெயர் வந்தது அங்கேதான். 'கல்லைப் பிழிந்தாலும் சாறு வரும்' என்று சமையல்கட்டுப் பெண்கள் கேலி பேசுவார்கள். அவளுக்கும் அதில் உள்ளூர ஒரு கர்வம்.

நாற்பத்து மூன்றாம் வயதில் சொந்தமாக ஓர் அறை திறந்தாள். பதினைந்து வருசத்தில் ஏரியைச் சுற்றியுள்ள கழுத்துகள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பந்தலைத் தாழ்வாகக் கட்டியிருக்கும் தோட்டம் எது என்பதை அந்த வீட்டுப் பெண்களின் பிடரியைத் தொட்டே சொல்லிவிடுவாள். பூக்காலத்தில் ஒருவரும் வரமாட்டார்கள். பூ முடிந்த மறுநாள் வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது.

மிசாவோ வாரம் இரண்டு முறை வந்தாள். முதலில் ஊசி. முடியளவு மெல்லிய ஊசியைச் சின்னக் குழலுக்குள் விட்டு, ஆள்காட்டி விரலால் ஒரு தட்டு. போனதே தெரியாது. பிறகு மாசிப்பத்திரி இலைப் பஞ்சை அரிசி மணியளவு உருட்டித் தோளில் வைத்துக் கொளுத்திச் சூடு. அதெல்லாம் சுகமாகத்தான் போனது. கடைசியில் கட்டைவிரல், அதன் பின் கையைப் பிடித்துத் தூக்குதல்.

"அழுத்தம் எப்படி இருக்கு?"

"பதமா இருக்குக்கா."

"இன்னும் கொஞ்சம் போகலாமா?"

"பதமா இருக்குக்கா."

மார்ச் பிறந்தது. ஏரியில் வாத்துக்கள் வடக்கே கிளம்பும் சத்தம் கேட்டது. அதைக் கேட்கக் கேட்கக் கினுயோவின் விரலுக்கு அவசரம் கூடியது. ஒவ்வொரு முறையும் ஒரு விரற்கடை உயரமாகத் தூக்கினாள். மிசாவோவின் பின்கழுத்தில் வியர்வை அரும்பியது. கால் விரல்கள் மெத்தையைக் கவ்வின. தோள் சதை கட்டைவிரலுக்கு அடியில் எழும்பி எழும்பித் தடுத்தது. பிடிவாதமான சதை என்று எண்ணி, கினுயோ இன்னும் ஊன்றினாள்.

"பதமா இருக்குக்கா."

மார்ச் இருபத்தாறாம் தேதி இசாமு தனியாக வந்தான். வாசலிலேயே வெகுநேரம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நின்றான்.

"உள்ள வா இசாமு. உன் இடுப்பா?"

"என் இடுப்புக்கு என்ன, அது நல்லா கெடக்கு." பாயின் ஓரத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தான். "வைத்தியரம்மா, நான் வந்தது அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா என்னைப் பேரி மரத்துலயே கட்டி வச்சிடுவா."

"சொல்லு."

"இங்க வந்துட்டுப் போனா ரெண்டு நாளைக்குச் சாப்பாட்டுக் குச்சியைப் பிடிக்க முடியல அவளால. ராத்திரி சுவத்துல சாஞ்சு உக்காந்தே தூங்குறா. துண்டை வாயில வச்சுக்கிட்டு அழுறா. போகாதேன்னா கேக்க மாட்டேங்குறா. 'அக்கா நமக்காக அவ்ளோ பாடுபடறாங்க, வலிக்குதுன்னு எப்படிங்க சொல்றது'ங்குறா."

கினுயோ மடியில் இருந்த தன் வலது கட்டைவிரலை இடது கையால் மூடிக்கொண்டாள். வியர்வை, கால் விரல், எழும்பி நின்ற சதை என்று அந்த உடம்பு எல்லாவற்றையும் சொல்லியிருந்தது. கண் இல்லாதவளுக்கு இதைவிட எப்படித்தான் சொல்ல முடியும்? விரல் கேட்டதை நம்பாமல், வாய் சொன்ன மரியாதையை நம்பியிருந்தாள். அந்த மரியாதை தன் அவசரத்துக்குத் தோதாக இருந்ததால்தான் நம்பினோம் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அதுதான் அதிகம் சுட்டது.

மறுநாள் காலை வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு ஏரிக்கரைப் பாதையில் நடந்து மிசாவோவின் வீட்டுக்குப் போனாள். உள்ளே நுழைந்ததும் பாயில் உட்கார்ந்து, இரண்டு கையும் ஊன்றி, நெற்றி தரையில் படக் குனிந்தாள்.

"உன் தோளை நான் கெடுத்துட்டேன். மன்னிச்சுடு."

"ஐயையோ அக்கா! எழுந்திரிங்க! நான்தான் ஒழுங்கா சொல்லாம..." மிசாவோவும் தடாலென்று விழுந்து குனிந்தாள். வலது கை ஊன்ற மறுத்ததில் பாதி சாய்ந்தாள்.

"நீ எதுக்குக் குனியுற? தப்பு என்னோடது."

"நீங்க எழுந்திரிக்காம நான் எப்படிக்கா எழுந்திரிக்கிறது?"

முற்றத்திலிருந்து இசாமுவின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் இப்படியே கெடங்க. பூவெல்லாம் உதிர்ந்ததும் நான் வந்து எழுப்பறேன்."

"நீங்கதானே போய்ச் சொன்னீங்க? இருங்க, உங்களை வந்து பாத்துக்கறேன்!"

கினுயோ நிமிர்ந்து உட்கார்ந்தாள். நடந்து வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தையைச் சொன்னாள். "மிசாவோ, இந்தக் கை இந்தப் பூவுக்குத் தூக்காது. நான் குடுத்த வாக்கு பொய்யாப் போச்சு. இனிமே பலவந்தமா தூக்கினா அடுத்த பூவுக்கும் தூக்காது."

அடுப்பில் கெண்டி முனகிக்கொண்டிருந்தது. "அப்போ மரம்?" என்றாள் மிசாவோ.

"மரத்தை அப்புறம் பாப்போம். முதல்ல படு."

இந்த முறை கட்டைவிரல் இல்லை. தேய்த்துச் சூடாக்கிய உள்ளங்கையைத் தோளில் வைத்தாள், அவ்வளவுதான். பிறகு நத்தை நகர்வது போலக் கையை நகர்த்தினாள்.

"வலிச்சா சொல்லு."

"பதமா..."

"உன் வாய்ல அதைத் தவிர வேற வார்த்தையே இல்லியா? கல்யாணத்தன்னைக்கும் இதைத்தான் சொன்னியா?"

முற்றத்தில் இசாமு சிரித்துவிட்டான்.

கை நகர்ந்தது. தோளின் முன்பக்கக் குழிக்கு வந்ததும் சதை எழும்பியது. கினுயோ கையை நிறுத்தினாள். காத்திருந்தாள். அடியில் சதை பொங்கியது, மூச்சு நின்றது, அப்போதும் மிசாவோ வாய் திறக்கவில்லை. கினுயோவும் கையை எடுக்கவில்லை, அழுத்தவும் இல்லை.

"...வலிக்குது," என்றாள் மிசாவோ. புது ஊரில் தன் பேரைச் சொல்லும் பிள்ளையின் குரல் அது.

"எங்க?"

"அங்கதான். அதுக்குப் பின்னாடியும். ராத்திரியில முழங்கை வரைக்கும் இறங்குதுக்கா. ரொம்ப வலிக்குதுக்கா." அப்புறம் அவள் அழுதாள். துண்டு எதையும் தேடவில்லை. கினுயோ தன் உள்ளங்கையை அங்கேயே வைத்திருந்தாள். அழுகை ஓய்ந்தபோது அந்தச் சதை நாலு வாரத்தில் முதல் முறையாகத் தழைந்து கொடுத்தது.

அதன் பிறகுதான் மரத்தைப் பற்றிப் பேசினார்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டால் முன்கை நன்றாக மடங்கி மேலே வந்தது, வலியும் இல்லை. தோள் நகராமல் பந்தலை எட்ட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

"குச்சி நீளமா இருந்தா?" என்றாள் கினுயோ.

"நீளக் குச்சியில பூ அடிபடும்க்கா. நான் எப்பவும் முழ நீளத்துக்கு மேல பிடிச்சதில்ல."

"இந்த வருசம் பிடி. பத்துப் பூ அடிபட்டா நூறு பூ பிழைக்கும்."

இசாமு இரண்டே நாளில் மெல்லிய மூங்கிலைச் சீவி நாலு குச்சி செய்துவிட்டான். முனையில் பஞ்சு கட்டிக் கொண்டுவந்தவன், "யானைக்குக் காது குடையிற மாதிரி இருக்கு," என்றான்.

ஏப்ரல் ஒன்பதில் பூ திறந்தது. அன்று காலை கினுயோ தன் கதவில் 'விடுமுறை' என்று ஓர் அட்டையைத் தொங்கவிட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனாள். மிசாவோவின் பழைய கிமோனோக் கச்சை ஒன்றை எடுத்து, வலது மேல்கையை விலாவோடு சேர்த்துக் கட்டினாள். கை மறதியில் மேலே பாயக்கூடாதே.

"போர்ல தோத்த ஆளு மாதிரி இருக்கேன்," என்றாள் மிசாவோ.

"பேசாம போய் வேலையைப் பாரு, கைதி."

ஒவ்வொரு மரம் முடிந்ததும் மிசாவோ வந்து கவிழ்த்துப் போட்ட பழக்கூடையில் உட்காருவாள். கினுயோ கழுத்தையும் இடது தோளையும் பிடித்துவிடுவாள். மூன்று மரத்துக்கு ஒருமுறை இரண்டு ஊசி. இடையில் சும்மா இருக்க முடியாமல், தாழ்ந்த கிளைகளைத் தானும் ஒரு குச்சியோடு தடவினாள். விரல் நுனியில் கொத்தைத் தேடி, எத்தனை பூ என்று எண்ணி, பஞ்சை ஒற்றினாள். பூ அவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"வைத்தியரம்மா, நீங்க ஒரு பூவையும் விடலியே!" என்றான் இசாமு. "கண்ணு இருக்கிற நான் பத்துக்கு ரெண்டை விட்டுட்டு வரேன்."

"நீ பூவைப் பாக்கிற. நான் தேடறேன்."

மிசாவோவின் வாய்தான் நாளுக்கு நாள் மாறியது. "அக்கா, இடது பக்கம் இழுக்குது." "அந்த ஊசி வேண்டாம்க்கா, சுருக்குங்குது." "கச்சை வெட்டுது, கொஞ்சம் இறக்குங்க." ஒவ்வொரு புகாருக்கும் கினுயோவின் விரல் இடம் மாறியது. இருபத்திரண்டு வருச விடுதி வேலையில் ஒருவரும் அவளுக்கு இவ்வளவு சரியாக வழி சொன்னதில்லை.

ஐந்தாம் நாள் மதியம் மழை பிடித்துக்கொண்டது. முப்பத்திரண்டு மரம் ஆகியிருந்தது. வாய்க்கால் ஓரத்து எட்டு மரம் மிச்சம். மூவரும் தளவாடக் கொட்டகைக்குள் ஓடி வந்து, தகரத்தில் விழும் மழையைக் கேட்டபடி உட்கார்ந்தார்கள்.

"அந்த எட்டையும் தேனீ பாத்துக்கட்டும்," என்றான் இசாமு. "அதுங்களும் நம்ம தோட்டத்துலதானே திங்குதுங்க."

"தூக்க வைக்கிறேன்னு சொன்னேன்," என்றாள் கினுயோ மெதுவாக.

"அடுத்த வருசம் எட்டும் சேத்துத் தொடுவோம்க்கா. அதுவரைக்கும் என்னை விட்டுடாதீங்க."

மிசாவோ எழுந்து தலைத்துணியை அவிழ்த்துப் பிழிந்தாள். ஒற்றைக் கையால் திரும்பக் கட்டப் பார்த்தாள், முடியவில்லை. கொஞ்ச நேரம் ஈரத்துணியோடு நின்றாள். பிறகு புருசன் பக்கமாக முதுகைத் திருப்பினாள்.

"இதைப் பின்னால முடிஞ்சு விடுங்க. எனக்கு எட்டல."

கல்யாணமான இருபத்தேழு வருசத்தில் அவள் அவனிடம் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. இசாமுவுக்குத் தெரிந்தது கிளையைக் கம்பியோடு சேர்த்துக் கட்டும் முடிச்சு ஒன்றுதான். அதையே போட்டான்.

"ஆ! முடியைப் பிடிச்சு இழுக்கறீங்க. வலிக்குது!"

"சரி, சரி, கத்தாத."

முடிச்சு அவிழும் சத்தமும், தடித்த விரல்கள் மறுபடி தடுமாறித் தடுமாறி முடிந்துகொண்டிருக்கும் சத்தமும் கினுயோவுக்குக் கேட்டன. அவள் ஊசிகளைத் துடைத்துப் பெட்டியில் ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினாள்.