கைதட்டல் இல்லாத பாட்டு

இது கற்பனை இல்லை. முப்பத்து நான்கு வருடம் ரயில்வேயில் இருந்தவன் நான். வண்டி வந்த நேரத்தை நிமிடம் பிசகாமல் எழுதிப் பழகிய கை இது. நடக்காத ஒன்றை எழுதாது. ஆட்களின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறது.

நள்ளிரவு, சுடுகாடு என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். நடந்தது பகலில். பிரிக்பீல்ட்ஸில் எட்டாவது மாடியில் எங்கள் வீடு. போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை, மாலை நான்கு மணி. வெளியே நல்ல மழை.

பேத்தி விஷ்ணுப்ரியாவின் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. மகனும் மருமகளும் பத்திரிகை வைக்க செமினி போயிருந்தார்கள். மாப்பிள்ளை பரமேஸ்வரனும் அவன் தாயார் உஷாராணியும் கூரைப்புடவையைக் காட்ட வந்திருந்தார்கள்.

உஷாராணி அம்மாள் கறாரான பெண்மணி. எனக்கு அது பிடிக்கும். நிச்சயத்துக்கு முன்பே என்னிடம் நேராகக் கேட்டவர்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டுல ஓடிப்போனவங்க யாரும் இருக்காங்களா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நாங்க வேற இடம் பார்த்துக்குறோம்."

"எங்க வீட்டுல அந்தப் பழக்கமே இல்லம்மா," என்றேன்.

சுவரில் மாலை போட்ட படம் ஒன்று உண்டு. என் தங்கை லோகேஸ்வரி. பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொன்னேன். ஐம்பத்தேழு வருடமாக எல்லோரிடமும் அதைத்தான் சொல்லி வருகிறேன்.

உண்மை வேறு. 1967-இல் அவள் கிள்ளானில் இருந்த ஒரு கிதார்காரனோடு போனாள். அவனுடைய அப்பனுக்குத் துறைமுகத்தில் வேலை. அமெரிக்க மாலுமிகள் விட்டுப்போகும் இசைத்தட்டுகள் அவன் வழியாக எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குள் வந்தன. கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டு, ப்ளூஸ், கிதாரைப் போட்டு அடிக்கும் ராக்கபில்லி. பாடியவர்களை அவர்கள் ஊரிலேயே யாருக்கும் தெரியாதாம். இவளுக்கு எல்லாம் மனப்பாடம்.

அவள் போன அன்று அப்பா ஒரு வார்த்தைதான் சொன்னார். "செத்துட்டா."

உறவுக்குச் சொல்லும் முன்பே தர்ப்பையில் உருவம் செய்து எரித்தோம். நான்தான் கொள்ளி வைத்தேன். பதினாறாம் நாள் கருமாதி. உறவெல்லாம் பந்தியில் உட்கார்ந்திருந்தது. மாலை 4.12-க்குக் கதவு தட்டப்பட்டது.

"அண்ணே... நான்தாண்ணே..."

நான் திறக்கவில்லை. அவளுடைய இசைத்தட்டு ஒன்றையே எடுத்துப் போட்டேன். சத்தத்தை முழுதாகத் திருகினேன். பாட்டு முடிந்ததும் இரண்டாம் முறையும் போட்டேன். 4.17-க்குத் தட்டுவது நின்றது. பந்தியில் இருந்தவர்களுக்குப் பாட்டு மட்டும்தான் கேட்டது.

கருமாதி வீட்டில் பாட்டா என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். அவளுக்குப் பிடித்த பாட்டு என்றேன். அழுதார்கள்.

செய்தது சரியா என்று யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். அப்பாவின் பெயர் நின்றது.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். மாப்பிள்ளைப் பையனுக்கு ஒரு பைத்தியம் உண்டு. எல்லோரும் மறந்துபோன பழைய அமெரிக்க இசைத்தட்டுகளைத் தேடித்தேடி வாங்குவான். அலமாரிக்கு மேலே பழைய இசைத்தட்டுப் பெட்டி ஒன்று இருப்பதை விஷ்ணுப்ரியா அவனிடம் சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னது எனக்குத் தெரியாது. சின்ன சூட்கேஸ் மாதிரி ஒரு பிளேயரைக் கையோடு கொண்டுவந்திருந்தான்.

"தாத்தா! இந்த ரெக்கார்ட் எப்படி உங்க வீட்டுக்கு வந்துச்சு? அமெரிக்காலயே நாலஞ்சு பேர்கிட்டதான் இருக்கு லா!"

மஞ்சள் லேபிள். ஓரத்தில் நீல மையில் 'லோ' என்று எழுதியிருந்தது. அதே தட்டு.

"தேஞ்சு போயிருக்கும். உள்ள வை," என்றேன்.

"தேஞ்சா என்ன தாத்தா? இந்தம்மா யாருன்னே யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு பாட்டு பாடினாங்க. அப்புறம் காணாமப் போயிட்டாங்க."

முள்ளை வைத்துவிட்டான். நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். பழக்கம்.

4.12.

முதலில் கரகரப்பு. பிறகு ஒரு கிதார். அதன்மேல் ஒரு பெண்ணின் குரல், சாமியைக் கூப்பிடுகிற குரல். அப்புறம்...

டக்.

டக்.

"கைதட்டுறாங்க, நல்லாருக்கு," என்று விஷ்ணுப்ரியா சிரித்தாள்.

பரமேஸ்வரன் சிரிக்கவில்லை. "இந்தப் பாட்டுல கைதட்டே கிடையாது. என் போன்ல இருக்கு, நூறு தடவை கேட்டிருக்கேன். ஒரு குரல், ஒரு கிதார். அவ்வளவுதான்."

டக்... டக்...

நாம் தாளம் போடுகிற இடத்தில் அது விழவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினால் இரண்டிலும் நான்கிலும் விழுந்தது. அமெரிக்கக்காரர்கள் அப்படித்தான் தட்டுவார்கள். லோகேஸ்வரியும் அப்படித்தான் தட்டுவாள். சாப்பாட்டு மேசையில், ஜன்னல் கட்டையில். அன்று கதவிலும் அப்படித்தான் தட்டினாள். உள்ளே ஓடிய பாட்டோடு சேர்த்து...

பாட்டு முடிந்தது. பரமேஸ்வரன் முள்ளைத் தூக்கினான்.

டக்... டக்...

"ஐயா, யாரோ கதவு தட்டுறாங்க," என்றார் உஷாராணி அம்மாள்.

எங்கள் மரக்கதவுக்கு வெளியே இரும்புக் கிரில். அதில் கொசுவலை அடித்திருக்கிறோம். விரல் நுழையாது. இவர்கள் உள்ளே வந்ததும் கிரிலைப் பூட்டியவன் நான். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. கிரிலைத் திறக்காமல் மரக்கதவை யாரும் தொட முடியாது.

தட்டிய சத்தம் மரத்தில் கேட்டது.

விஷ்ணுப்ரியா எழுந்தாள். மணிக்கட்டைப் பிடித்தேன்.

"உட்காரு."

"மழையில யாரோ நிக்கிறாங்க தாத்தா..."

"உட்காருன்னு சொன்னேன்."

அப்போது கேட்டது.

"அண்ணே..."

பத்தொன்பது வயதுக் குரல்.

உஷாராணி அம்மாள் கழுத்தைத் திருப்பினார். "பொம்பளக் குரல் மாதிரி இருக்கே. அண்ணேன்னு கூப்பிடல?"

கதவைத் திறந்தால் யார் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். பிறகு இந்தக் கல்யாணம் இல்லை.

"பக்கத்து வீடும்மா," என்றேன். "தம்பி, பாட்டைத் திரும்பப் போடு."

"தாத்தா, யாரோ கூப்பிடுறாங்களே..."

"போடு. சத்தமா."

போட்டான். குமிழை நானே திருகினேன். முழுதாக.

4.15.

டக். டக்.

வேகம் கூடியது. தாளம் தப்பியது.

டக் டக் டக்...

சத்தம் இடம் மாறியது. முதலில் தலை உயரத்தில். பிறகு நெஞ்சு உயரத்தில். பிறகு...

தரையோடு.

"அண்ணே..."

நகம் கீறும் ஒலி.

டக்.

4.17.

நின்றது.

ஐந்தரைக்கு அவர்கள் கிளம்பினார்கள். நான்தான் கதவைத் திறந்தேன். பூட்டு பூட்டியபடி இருந்தது. வலையில் ஒரு கிழிசல் இல்லை. நடைபாதை காய்ந்து கிடந்தது.

மறுநாள் காலை 9.05. கிள்ளானிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "ஐயா, என் பேரு தங்கமணி. இங்க முதியோர் இல்லம் நடத்துறேன். உங்க தங்கச்சி லோகேஸ்வரி..."

"அப்படி யாரும் இல்ல. என் தங்கச்சி அறுபத்தேழுலயே செத்துட்டா."

வைத்துவிட்டேன்.

கல்யாணம் நடந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. "சுத்தமான குடும்பம்," என்று உஷாராணி அம்மாள் வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். நான் நிமிர்ந்து நின்று கேட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் கிள்ளானுக்கு ரயில் ஏறினேன். அழுவதற்காக இல்லை. அவள் யாரிடமாவது எங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறாளா என்று தெரிய வேண்டியிருந்தது.

சொல்லவில்லை. வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. இல்லத்தில் சேர்ந்த அன்று என் நம்பரைக் கொடுத்தாளாம். "நான் செத்த பெறகுதான் கூப்பிடணும்," என்றாளாம். கொஞ்ச நாளில் பக்கவாதம். ஆறு வருடம் படுக்கை. பேச்சும் போய்விட்டது.

"யாரும் வரல. நாங்களே எரிச்சு, சாம்பலைக் கடல்ல கரைச்சிட்டோம்," என்றாள் தங்கமணி. "நீங்களாவது ஒரு காரியம் செஞ்சிடுங்க ஐயா."

"ஒருத்தருக்கு ஒரு தடவைதான்மா செய்வாங்க. நான் செஞ்சுட்டேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையைப் பொருட்படுத்தவில்லை. எழுந்தேன். வாசல்வரை வந்தவள் குரலைத் தாழ்த்தினாள்.

"குளிப்பாட்டும்போது பார்த்தோம் ஐயா. வலது கை விரல் முட்டியெல்லாம் தோல் உரிஞ்சு, ஒரே ரத்தம். ஆறு வருஷமா அசையாத கை அது."

"என்னைக்கு செத்தா?"

"பதினாறாம் தேதி. சனிக்கிழமை. நல்ல மழை. நாலு பதினேழுன்னு நர்ஸ் எழுதியிருக்காங்க."

குனிந்து செருப்பை மாட்டினேன்.

"கடைசி அஞ்சு நிமிஷம் பேச்சு வந்துச்சு ஐயா. ஒண்ணையே திருப்பித் திருப்பிச் சொன்னாங்க. எங்களுக்குப் புரியல. இங்க ரேடியோகூட ஓடல..."

"என்ன சொன்னா?"

"பாட்டைக் குறைண்ணே... நான் தட்டுறது உள்ள கேக்கல."